கற்கண்டுக்கு ஒரு சட்டம், சர்க்கரைக்கு ஒரு சட்டம்

ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். மளிகைக் கடையில் வாங்கும் அரை கிலோ பொட்டலம் 500 கிராம். கண்ணை மூடிக்கொண்டு கையில் வாங்கினாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் சட்டம் 24 ஆண்டுகள் இந்த இரண்டையும் ஒரே எடையாகப் பார்த்தது. கிராக் கோகைன் 5 கிராம் விற்றவருக்கும் பவுடர் கோகைன் 500 கிராம் விற்றவருக்கும் ஒரே தண்டனை: குறைந்தது 5 ஆண்டு சிறை.

அந்தச் சட்டத்தை மாற்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். ஓரளவு தெரிந்த கதைதான். அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி உண்டு. 1986இல் அந்தச் சட்டம் வந்தபோது அதற்குக் கைதூக்கியவர்களில் அவர்களில் பலரும் இருந்தார்கள். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு சின்ன விஷயம். இனிமேல் 'காங்கிரஸ்' என்று வந்தால் நம்மூர்க் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர். பிரதிநிதிகள் சபை, செனட் என்று அதற்கு இரண்டு அவைகள். வழக்கமாக, இரண்டிலும் நிறைவேறி, அதிபரும் கையெழுத்திட்டால் மசோதா சட்டமாகும்.

கிராக் என்றால் என்ன?

கோகா இலையிலிருந்து எடுக்கும் கோகைன் வெள்ளைப் பொடியாகத்தான் கடத்தி வரப்படுகிறது. அந்தப் பொடியைச் சூடாக்கிக் கட்டியாக மாற்றினால் அது கிராக். சர்க்கரையைக் காய்ச்சிக் கற்கண்டு செய்வதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உருவம் வேறு, சரக்கு ஒன்று. பொடியை மூக்கால் உறிஞ்சுவார்கள், கிராக்கைப் புகைப்பார்கள். புகைத்தால் சில நொடிகளில் மூளைக்கு ஏறும், சீக்கிரம் இறங்கியும் விடும். அதனால் உடனே அடுத்தது வேண்டும் என்ற வெறி அதிகம். இந்த வித்தியாசம் உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் நூறு மடங்கு என்று சொல்லும் அளவுக்கு எந்த விஞ்ஞானமும் அதற்குப் பின்னால் கிடையாது.

இதைவிட முக்கியமானது விலை. பவுடர் கோகைன் பணக்காரர்களின் விருந்துகளில் புழங்கிய சரக்கு. கிராக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக 5 டாலருக்கும் 10 டாலருக்கும் விற்கலாம். 1980களின் நடுவில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், மயாமி, டெட்ராய்ட் போன்ற நகரங்களின் ஏழைத் தெருக்களில் அது வேகமாகப் பரவியது. தெருமுனையை யார் பிடிப்பது என்று விற்பவர்களுக்குள் துப்பாக்கிச் சண்டை வேறு.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நாட்டுக்குள் சரக்கைக் கொண்டுவரும் பெரிய கை வைத்திருப்பது பொடி. மொத்த வியாபாரி வைத்திருப்பதும் பெரும்பாலும் பொடிதான். கடைசிப் படியில், தெருவுக்கு வரும்போதுதான் அது கிராக் ஆகிறது. அப்படியென்றால் கிராக்கோடு பிடிபடுகிறவர் யார்? பெரும்பாலும் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்கும் இளைஞர். சட்டம் தன் கூர்மையான முனையை அவர் பக்கம் திருப்பி வைத்திருந்தது.

நீதிபதியின் கையைக் கட்டும் சட்டம்

வழக்கமாக ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானபின் நீதிபதி பலவற்றையும் எடைபோட்டுத் தண்டனை சொல்வார். முதல் குற்றமா, வயது என்ன, கும்பலில் அவர் பங்கு எவ்வளவு, குடும்பச் சூழல் எப்படி என்றெல்லாம் பார்ப்பார். 'கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை' என்பது இந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. தராசில் இத்தனை கிராம் காட்டினால் இத்தனை ஆண்டு, அவ்வளவுதான். அதற்கு மேல் கொடுக்கலாம், கீழே இறங்க முடியாது.

நீதிபதியிடமிருந்து போன அதிகாரம் காற்றில் கரைந்துவிடவில்லை. அது அரசுத் தரப்பு வழக்கறிஞரின் மேசைக்குப் போனது. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது, எத்தனை கிராமைக் கணக்கில் காட்டுவது என்று முடிவுசெய்பவர் அவர். "குற்றத்தை ஒப்புக்கொள், குறைத்துக்கொள்கிறேன், விசாரணைக்குப் போனால் பத்து ஆண்டு" என்று அவர் சொன்னால், நிரபராதியும் ஒருமுறை யோசிக்கத்தான் செய்வார். மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தால் குறைந்தபட்சத்துக்கும் கீழே இறங்க வழி உண்டு. ஆனால் காட்டிக்கொடுக்கத் தெரிந்தவர் வேண்டுமே. கும்பலின் மேல்படியில் இருப்பவருக்குப் பத்துப் பெயர் தெரியும். அடிப்படியில் இருப்பவருக்குத் தன்னிடம் பொட்டலம் கொடுத்தவனின் பட்டப்பெயர் மட்டும்தான் தெரியும்.

அப்புறம் 1988இல் கூட்டுச்சதிக் குற்றத்துக்கும் இதே கணக்கை நீட்டினார்கள். கும்பல் விற்ற மொத்தச் சரக்கும் ஓரமாக நின்றவர் தலையிலும் விழலாம். வர்ஜீனியாவில் கல்லூரி மாணவி ஒருவர் போதைப்பொருள் விற்ற காதலனோடு சேர்ந்திருந்த குற்றத்துக்காக 24 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றார். அதற்கு முன் அவர்மீது ஒரு வழக்கும் இல்லை. சிறையிலிருந்தபோதுதான் குழந்தை பிறந்தது. ஆறு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தபின், 2000 டிசம்பரில் அதிபர் பில் கிளின்டன் தண்டனையைக் குறைத்து அவரை விடுவித்தார்.

'பரோல் இருக்குமே' என்று கேட்கத் தோன்றும். நம்மூரில் பரோல் என்றால் கைதி சில நாள் வீட்டுக்கு வந்து திரும்புவது. அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு, தண்டனைக் காலம் முடியும் முன்பே கண்காணிப்போடு வெளியே விடுவது என்று பொருள். மத்தியச் சிறைகளில் 1987 நவம்பருக்குப் பின் நடந்த குற்றங்களுக்கு அதுவும் கிடையாது. ஆக, 10 ஆண்டு என்றால் நன்னடத்தைக்காகக் கழியும் ஓராண்டு சொச்சம் போக முழுவதும் உள்ளேதான்.

1986: ஒரு கோடைக்காலத்தில்

லென் பயஸ் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர், கறுப்பின இளைஞர். 1986 ஜூன் 17 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. நாட்டின் புகழ்பெற்ற அணி அது. இரண்டே நாளில், ஜூன் 19 அன்று, கோகைனால் இறந்துபோனார். வயது 22. கிராக்கினால்தான் இறந்தார் என்று பேச்சு பரவியது. உண்மையில் அவர் எடுத்துக்கொண்டது பவுடர். ஆனால் அதற்குள் சட்டத்தின் சக்கரம் உருளத் தொடங்கிவிட்டது.

பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் டிப் ஓ'நீல் பாஸ்டன் பகுதியைச் சேர்ந்தவர். ஊரில் எல்லாரும் இந்த மரணத்தைப் பற்றியே பேசினார்கள். நவம்பரில் தேர்தல் வேறு. யார் போதைப்பொருளுக்கு அதிக எதிரி என்று இரண்டு கட்சிகளும் போட்டி போட்டன. தண்டனை விகிதம் ஏலம் விட்டதுபோல ஏறியது. அதிபர் ரீகனின் நிர்வாகம் முன்வைத்தது 20க்கு 1, அதாவது 20 கிராம் பவுடருக்கு 1 கிராம் கிராக் சமம். சபையின் மசோதாவில் 50க்கு 1. கடைசியில் செனட் வழியாக வந்து நிலைத்தது 100க்கு 1. நிபுணர்களை அழைத்து ஆற அமரக் கேட்க யாருக்கும் நேரமில்லை. செப்டம்பர் 11 அன்று சபை 392க்கு 16 என்ற வாக்கில் மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபர் 27 அன்று ரீகன் கையெழுத்திட்டார். பயஸ் இறந்து நான்கு மாதம் சொச்சம்.

5 கிராம் கிராக்குக்கு 5 ஆண்டு, 50 கிராமுக்கு 10 ஆண்டு. பவுடரில் அதே தண்டனைக்கு 500 கிராம், 5 கிலோ. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு படி மேலே போனார்கள். 5 கிராமுக்கு மேல் கிராக்கை வெறுமனே கையில் வைத்திருந்தாலே, விற்காவிட்டாலும், முதல் குற்றமாக இருந்தாலும், 5 ஆண்டு கட்டாயம். வேறு போதைப்பொருளை முதல்முறை சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தவருக்கு அதிகபட்சமே ஓராண்டுதான்.

அவர்கள் ஏன் கைதூக்கினார்கள்?

அப்போது காங்கிரஸில் கறுப்பின உறுப்பினர்கள் சுமார் 20 பேர்தான். 1971இல் 13 பேர் சேர்ந்து தொடங்கிய 'காங்கிரஷனல் பிளாக் காகஸ்' என்ற குழுவில் அவர்கள் இருந்தார்கள். இந்தக் கதையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சார்லஸ் ரேஞ்சல். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியின் பிரதிநிதி, குழுவின் நிறுவனர்களில் ஒருவர். 1983 முதல் பத்து ஆண்டுகள் போதைப்பொருள் பற்றிய சபையின் சிறப்புக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அவரது தொகுதியை 1960களில் ஹெராயின் அரித்தது, 1980களில் கிராக் வந்து சேர்ந்தது. மாடிப்படிகளில் விற்பனை, விளையாட்டுத் திடலில் துப்பாக்கிச் சூடு. தாய்மார்களும் தேவாலயப் போதகர்களும் அவரிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "ஏதாவது செய்யுங்கள்."

கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் குற்றம் நடந்தால் போலீஸ் கண்டுகொள்வதில்லை என்பது அவர்களுடைய பழைய மனக்குறை. அதனால் ரேஞ்சல் போன்றவர்கள் ரீகன் அரசை விமர்சித்ததெல்லாம் 'போதுமான அளவு செய்யவில்லை' என்றுதான். அவர்கள் சிறையை மட்டும் கேட்கவில்லை. சிகிச்சை மையம், வேலை, பள்ளி, எல்லையில் கடத்தல் தடுப்பு என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தார்கள். பட்டியலில் இருந்த சிறை மட்டும் கேட்டதைவிடப் பெரிதாகக் கிடைத்தது. மற்றவை கைக்கு வந்தது கொஞ்சம்தான்.

எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். பால்டிமோர் நகர மேயர் கர்ட் ஷ்மோக் கறுப்பினத்தவர், அதற்கு முன் அரசு வழக்கறிஞராக இருந்தவர். போதைப் பழக்கத்தைக் குற்றமாகப் பார்க்காமல் மருத்துவப் பிரச்சினையாகப் பார்க்கலாமா என்று 1988இல் கேட்டார். ரேஞ்சல் அதைக் கேட்டுக் கொதித்தார், ஆனாலும் தன் குழுவின் முன் அவரை அழைத்துப் பேசவைத்தார். டெட்ராய்ட்டின் ஜார்ஜ் கிராக்கெட் 1989 இறுதியில் ஒரு படி மேலே போய், போதைப்பொருளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை. கிராக்கெட் நீதிபதியாக இருந்து வந்தவர். கூண்டில் நிற்பவர்களின் முகங்களை நேரில் பார்த்தவர்.

ரேஞ்சலைப் பின்னாளில் பலர் இதற்காகக் கடுமையாகச் சாடினார்கள். எனக்கு அது பாதிதான் நியாயமாகப் படுகிறது. வீட்டுக்குத் தீப்பிடித்தவன் கையில் கிடைத்த வாளியைத் தூக்குவான். வாளியில் இருந்தது தண்ணீரா என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தபின் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1990களின் நடுவிலிருந்து, கிராக்குக்கும் பவுடருக்கும் ஒரே அளவு வைக்கும் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர்.

1995: கதவு சாத்தப்பட்ட மாதம்

சட்டம் வந்த சில ஆண்டுகளிலேயே கணக்கு வெளிப்பட்டது. 1992ஆம் நிதியாண்டில் மத்திய நீதிமன்றங்களில் கிராக் வழக்கில் தண்டனை பெற்றவர்களில் 91 சதவீதத்துக்கும் மேல் கறுப்பினத்தவர். பவுடர் வழக்குகளில் அவர்கள் 27 சதவீதம். கிராக் புகைத்தவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர் என்பதால் அல்ல. அரசின் ஆய்வுகளிலேயே கிராக் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் கணிசமானோர் வெள்ளையர். போலீஸ் எந்தத் தெருவில் வலை வீசியது என்பதிலும், எந்த வழக்கு மத்திய நீதிமன்றத்துக்குப் போனது என்பதிலும்தான் வித்தியாசம் இருந்தது.

1992 தேர்தலில் காங்கிரஸின் கறுப்பின உறுப்பினர்கள் எண்ணிக்கை சுமார் 40 ஆக உயர்ந்தது. வர்ஜீனியாவின் பாபி ஸ்காட், வட கரோலினாவின் மெல் வாட் என வழக்கறிஞர்கள் பலர் உள்ளே வந்தார்கள். ஆனால் 1994இல் பெரிய குற்றத்தடுப்புச் சட்டம் வந்தபோது அவர்களுக்குச் சங்கடம். மரண தண்டனையில் இனப் பாகுபாடு இருப்பதைப் புள்ளிவிவரம் காட்டி எதிர்க்க வழி செய்யும் பிரிவு ஒன்றை அந்த மசோதாவில் சேர்க்கப் போராடினார்கள். இறுதி வடிவத்தில் அதை வெட்டிவிட்டார்கள். ஆனாலும் இளைஞர் நலத் திட்டங்களுக்கான பணமும் சில வகைத் துப்பாக்கிகள்மீதான தடையும் இருந்ததால் குழுவில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள், சிலர் எதிர்த்தார்கள்.

அடுத்த ஆண்டுதான் உண்மையான சோதனை. மத்திய நீதிமன்றங்களுக்குத் தண்டனை வழிகாட்டுதல் வகுக்க ஓர் ஆணையம் உண்டு. 1995இல் அந்த ஆணையமே இரண்டு கோகைனுக்கும் ஒரே அளவு வைக்கப் பரிந்துரைத்தது. காங்கிரஸ் தடுக்காவிட்டால் ஆணையத்தின் வழிகாட்டுதல் தானாக அமலுக்கு வந்துவிடும். சும்மா இருந்தாலே போதும். காங்கிரஸ் சும்மா இருக்கவில்லை. அக்டோபர் 16 அன்று லட்சக்கணக்கான கறுப்பின ஆண்கள் வாஷிங்டனில் திரண்டு பேரணி நடத்தினார்கள். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 18 அன்று, அதே ஊரில் பிரதிநிதிகள் சபை 332க்கு 83 என்ற வாக்கில் பரிந்துரையைத் தள்ளியது. கறுப்பின உறுப்பினர்களான ஜான் கான்யர்ஸ், வாட், மேக்சின் வாட்டர்ஸ் எல்லாரும் வாதாடிப் பார்த்தார்கள். செய்தி தொலைக்காட்சியில் வந்த அந்த வாரத்தில் பல மத்தியச் சிறைகளில் கலவரம் வெடித்தது. நாடு முழுவதும் கைதிகளை அறைக்குள் அடைத்துப் பூட்டினார்கள்.

கையெழுத்திடாதீர்கள் என்று கறுப்பின உறுப்பினர்கள் அதிபர் கிளின்டனைக் கேட்டார்கள். அக்டோபர் 30 அன்று அவர் கையெழுத்திட்டார். அவர்களுடைய ஜனநாயகக் கட்சியின் அதிபர்தான்.

100 எப்படி 18 ஆனது?

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மசோதாக்கள் வருவதும் குழுவில் தூங்குவதுமாகப் போயின. வாட்டர்ஸ் 1999 முதல் கட்டாயத் தண்டனைகளையே ஒழிக்கும் மசோதாவைக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். ஹூஸ்டனின் ஷீலா ஜாக்சன் லீ இன்னொன்று கொண்டுவந்தார். பாபி ஸ்காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டாயக் குறைந்தபட்சம் எந்த மசோதாவில் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும், அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு வந்தாலும், எழுந்து எதிர்ப்பவர் அவர். தலைப்புச் செய்தியில் வரமாட்டார், ஆனால் இந்தக் கதையின் முதுகெலும்பு அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

காங்கிரஸுக்கு வெளியே கொஞ்சம் அசைவு தெரிந்தது. 2007இல் ஆணையம் கிராக் வழிகாட்டுதலைச் சற்றுத் தளர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 100க்கு 1 என்ற கொள்கையோடு உடன்படாத நீதிபதி வழிகாட்டுதலிலிருந்து விலகலாம் என்றது. ஆனால் கட்டாயக் குறைந்தபட்சம் சட்டத்திலேயே இருந்ததால் நீதிபதிகளால் அதைத் தொட முடியாது.

2009இல் ஒபாமா அதிபர், கான்யர்ஸ் சபையின் நீதித்துறைக் குழுவின் தலைவர். ஸ்காட்டின் மசோதா 1க்கு 1 என்றது, குழுவில் தேறியது. செனட்டில் டிக் டர்பினும் 1க்கு 1 என்றுதான் தொடங்கினார். ஆனால் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் சம்மதம் இல்லாமல் அங்கே எதுவும் நகராது. அலபாமாவின் ஜெஃப் செஷன்ஸ் முன்னாள் அரசு வழக்கறிஞர். விகிதம் அதிகம் என்று ஒத்துக்கொண்டார், ஆனால் சமமாக்க மாட்டேன் என்றார். பேரம் நடந்தது. 18க்கு 1 என்று முடிந்தது.

ஏன் 18? காய்கறிக் கடையில் பேரம் பேசி இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விலை படியுமே, அப்படி வந்த எண்தான். 20, 50, 100 என்று ஏறியபோதும் கணக்கு இல்லை, இறங்கியபோதும் இல்லை.

கிடைத்ததை எடுத்துக்கொள்வதா, முழுசும் வேண்டும் என்று விட்டுவிடுவதா? கறுப்பின உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டார்கள், இது போதாது என்று அவையில் பதிவும் செய்தார்கள். 1986 சட்டத்தை எழுத உதவிய கலிஃபோர்னியாவின் டான் லங்ரன், குடியரசுக் கட்சிக்காரர், மாற்றத்தை ஆதரித்துப் பேசியது குறிப்பிடத்தக்கது. 2010 ஆகஸ்ட் 3 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். 5 ஆண்டுக்கான அளவு 5 கிராமிலிருந்து 28 கிராம் ஆனது, 10 ஆண்டுக்கான அளவு 50 கிராமிலிருந்து 280 கிராம் ஆனது. வெறுமனே கையில் வைத்திருந்ததற்கான கட்டாய 5 ஆண்டு ஒழிந்தது.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை. புதிய சட்டம் ஏற்கெனவே தண்டனை பெற்று உள்ளே இருந்தவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆகஸ்ட் 2 அன்று தீர்ப்பு வாங்கியவருக்குப் பழைய கணக்கு; அதே குற்றத்துக்கு ஆகஸ்ட் 4 அன்று வாங்கியவருக்குப் புதிய கணக்கு. நாட்காட்டியில் இரண்டு தாள், சிறையில் பல ஆண்டு.

2018: தங்களுக்குள்ளேயே ஒரு சண்டை

அந்த ஓட்டையை அடைத்த சட்டத்தின் பெயர் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்'. முதல் படி என்று பொருள். புரூக்ளினின் ஹகீம் ஜெஃப்ரிஸ், குடியரசுக் கட்சியின் டக் காலின்ஸோடு சேர்ந்து சபையில் கொண்டுவந்தார். முதலில் அதில் இருந்தது சிறைக்குள் நடப்பவை மட்டும்: படிப்பு, பயிற்சி, நன்னடத்தைக்குக் கூடுதல் கழிவு, கர்ப்பிணிக் கைதிகளுக்கு விலங்கு பூட்டத் தடை. தண்டனையின் நீளத்தைத் தொடவில்லை.

2018 மே மாதம் ஜான் லூயிஸ், ஷீலா ஜாக்சன் லீ, செனட்டர்கள் கோரி புக்கர், கமலா ஹாரிஸ், டர்பின் ஆகியோர் இதை ஏற்க முடியாது என்று கடிதம் எழுதினார்கள். தண்டனையைக் குறைக்காமல் சிறையை மட்டும் சீர்படுத்துவது பாதி வேலை, இதை இப்படியே நிறைவேறவிட்டால் மீதி வரவே வராது என்பது அவர்கள் பயம். உள்ளே இருப்பவர்களுக்கு இன்றைக்குக் கிடைப்பதை ஏன் தடுக்கிறீர்கள் என்று ஜெஃப்ரிஸ் திருப்பிக் கேட்டார். லூயிஸ் 1965இல் செல்மா நகரில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான பேரணியில் போலீஸ் தடியடி வாங்கிய மனிதர். ஜெஃப்ரிஸ் அதற்குப் பின் பிறந்தவர். இருவரும் அதே பிளாக் காகஸ் குழுவைச் சேர்ந்தவர்கள். சபையில் மசோதா 360க்கு 59 என்று தேறியது.

கடிதம் எழுதியவர்களின் பிடிவாதம் வீண்போகவில்லை. செனட்டில் குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லியும் அதே நிபந்தனையில் நின்றார். தண்டனைக் குறைப்புப் பிரிவுகள் சேர்ந்தன. 2010 சட்டம் பழைய கைதிகளுக்கும் பொருந்தும் என்பது அதில் ஒன்று. மூன்றாவது போதைப்பொருள் குற்றத்துக்குக் கட்டாய ஆயுள் என்பது 25 ஆண்டாக இறங்கியது. செனட்டில் 87க்கு 12. சபையில் 358க்கு 36. டிசம்பர் 21 அன்று கையெழுத்திட்டவர் டொனால்ட் டிரம்ப். அதன்படி ஆயிரக்கணக்கான கிராக் கைதிகளின் தண்டனை குறைந்தது.

மாநிலங்களின் கதை தனி. அமெரிக்கக் கைதிகளில் மிகப் பெரும்பாலோர் மாநிலச் சிறைகளில்தான் இருக்கிறார்கள், காங்கிரஸின் சட்டம் அவர்களைத் தொடாது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நியூயார்க்கில் 1973 முதல் இருந்த கடுமையான போதைப்பொருள் சட்டங்களை எதிர்த்துப் போராடி 2002இல் கைதானவர்களில் டேவிட் பேட்டர்சன் என்ற மாநில செனட்டரும் ஒருவர். பின்னாளில் அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின ஆளுநர் ஆனார். அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதல்வர் மாதிரி, தேர்தலில் வரும் பதவி. குவீன்ஸ் பகுதியின் ஜெஃப்ரியன் ஆப்ரி மாநில சபையில் ஆண்டுக்கணக்கில் தள்ளிவந்த சீர்திருத்தத்தில், 2009 ஏப்ரலில் கையெழுத்திட்டவர் பேட்டர்சன்தான்.

3.9 கிராம்

2018 சட்டம் எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை என்று மூன்று ஆண்டில் தெரிந்தது. 3.9 கிராம் கிராக்கோடு பிடிபட்டு, முந்தைய குற்றங்களால் 15 ஆண்டுக்கு மேல் தண்டனை பெற்ற ஒருவர் தன் தண்டனையையும் குறைக்கக் கேட்டார். 'டெர்ரி வழக்கு' என்று அதற்குப் பெயர். 2021 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடியாது என்றது. காரணம் கேட்டால் தலை சுற்றும். 2010 சட்டம் மாற்றியது 5 கிராம், 50 கிராம் என்ற எல்லைகளை. அவரிடம் இருந்தது 5 கிராமுக்கும் கீழே, ஆகவே அவருக்குப் பொருந்திய பிரிவு மாறவே இல்லை. மாறாத பிரிவில் தண்டனை பெற்றவருக்குச் சலுகை கிடையாது. 50 கிராம் வைத்திருந்தவர் மனுப் போடலாம், 4 கிராம் வைத்திருந்தவர் போட முடியாது.

தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ், கறுப்பினத்தவர். 1986இல் கறுப்பினத் தலைவர்கள் பலர் அந்தச் சட்டத்தை ஆதரித்த கதையைத் தீர்ப்பின் முதல் பகுதியில் எழுதினார். நீதிபதி சோனியா சோடோமேயர் முடிவை ஏற்றார், ஆனால் அந்தப் பகுதியில் சேர மறுத்துத் தனியாக எழுதினார். அந்த வரலாறு இந்த வழக்குக்குத் தேவையில்லாதது, முழுமையும் அல்ல என்பது அவர் எதிர்ப்பு. ரேஞ்சலின் 1986 வாக்கு முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் வழக்காடிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

அதே ஆண்டு புக்கரும் டர்பினும் செனட்டிலும், ஜெஃப்ரிஸ், ஸ்காட் ஆகியோர் இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்களோடு சேர்ந்து சபையிலும் 'ஈக்வல்' என்ற மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 1க்கு 1, பழைய கைதிகளுக்கும் சேர்த்து. செப்டம்பர் 28 அன்று சபை 361க்கு 66 என்று நிறைவேற்றியது. 1986இல் 392 பேர் ஒரு பக்கம் நின்ற அதே சபை.

செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. அந்தக் காங்கிரஸின் பதவிக்காலம் முடிந்ததும் மசோதாவும் காலாவதியானது. 5 ஆண்டுக்குக் கற்கண்டு 28 கிராம், சர்க்கரை 500 கிராம் என்ற கணக்கு அப்படியே நின்றது.